தீவுக்கு அனுப்பும் தீர்ப்பு

"...அப்ப தீவுக்கு அனுப்புறதெண்டால் உங்களுக்குத் தண்டனை, அப்பிடித்தானே அக்கா?" என்று எங்கள் சக்கரவர்த்தி கேட்டபோது மதியம் ஒரு மணி. நாலு மணிக்கு நாடகம். நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரைகள்கூட இன்னும் பாதிதான் போட்டிருந்தோம்.

நாடகத்தை எழுதியவள் நான். ஐரோப்பாவையே நடுங்க வைத்து, பனியில் படையைத் தொலைத்து, கடைசியில் நடுக்கடல் தீவொன்றில் காவலுக்குள் கிடந்து செத்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தியின் கதை. நூலகத்தில் சிறுவர் பகுதிப் புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுதினேன். படமும் இருந்தால் எனக்குக் கெதியாய் விளங்கும்.

சக்கரவர்த்தியாக நடித்தவர் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். விமானச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரல். மூன்று மாத ஒத்திகையில் ஒரு சொல் குறை சொன்னதில்லை. தீர்ப்புக் காட்சி கட்டையாய்க் கிடக்கிறதென்று எல்லோரும் சொன்னதால் அன்று காலைதான் அதை நீட்டி எழுதிக் கொடுத்தேன்: "உன்னைத் தீவுக்கு அனுப்புகிறோம். காற்றும் உப்பும் தவிர அங்கே ஒன்றுமில்லை. உலகம் உன்னை மறக்கட்டும்." இதைக் கேட்டு அவர் முழங்காலில் விழுந்து அழ வேண்டும்.

நான் நினைத்தது உலக வரைபடத்தில் ஒரு புள்ளியை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு முன்னால் தீவு என்றால் அது யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு மேற்கே, கடலுக்குள் கிடக்கும் தீவுகள்தான். நான் பட்டணத்தாள், அது புத்தியில் படவில்லை. அவர் தீவார், அந்தத் தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். முன் வரிசை முழுக்க அவருடைய ஊர்ச் சங்கத்துக்கு ஒதுக்கியிருந்தோம். அதன் நடுவில் இருக்கப் போகிறவர், யாழ்ப்பாணத்திலிருந்து போன கிழமைதான் வந்திறங்கிய தகப்பன். மகன் மேடையேறுவதை அவர் இன்னும் ஒரு தரமும் பார்த்ததில்லை.

"ஐயாவுக்கு முன்னால, தீவுக்குப் போகச் சொன்னதுக்கு நான் விழுந்து அழுறதோ?"

நீதிபதியாக நடித்த அண்ணை சும்மா இருக்கவில்லை. "தம்பி, நான் உங்கட பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய் உண்மையாவே அழுதனான். தேத்தண்ணியும் உப்பு."

"அந்த உப்பைக் கொஞ்சம் கொண்டு போயிருக்கலாமே அண்ணை. உங்கட நடிப்புக்கு உதவும்."

எல்லோரும் சிரித்தோம். தளபதியாக நடித்த பெண் வழி சொன்னாள்: "அப்ப நகரத்துக்கு அங்கால, விட்பிக்கு அனுப்புங்கோ. கார் இல்லாட்டி ஒருத்தனும் தப்பி வர ஏலாது." அவளுக்கு முகப்பூச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் வீடு விட்பியில். பவுடர்ப் பஞ்சு தளபதியின் மூக்கில் கொஞ்சம் பலமாய் இறங்கியது.

"தீவை வெட்டிவிடுறன்," என்றேன். "தூர தேசம் எண்டு சொல்லுவம்."

அவர் தாளை மடித்தார். "வேண்டாம் அக்கா. கதையில தீவெண்டால் தீவுதான். ஆனால் நாங்கள் ஷெல்லடிக்குள்ளால வள்ளமேறி ஓடி வந்தனாங்கள். ஐயா கரை மறையுமட்டும் திரும்பிப் பாத்துக்கொண்டே வந்தவர். எங்கட வளவு இண்டைக்கும் ஆமியின்ர கம்பிவேலிக்குள்ள. அங்க போ எண்டு ஆரும் எங்களுக்குத் தீர்ப்புச் சொன்னால், கும்பிட்டெல்லோ வாங்குவம்."

நான் பேனையை மூடினேன்.

"அப்ப என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. விழ மட்டும் மாட்டன்."

"விடுங்கோ அக்கா, இவர் எப்பிடிச் செய்தாலும் காட்சி நிக்கும்," என்றாள் முகப்பூச்சுக்காரி. "ஆனை படுத்தாலும் குதிரை மட்டமெல்லோ."

வழக்கம்போல் பிந்தி, நாலரைக்குத்தான் மண்டபம் நிறைந்து, குளிர் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சனம் சுவரோடும் நின்றது. பனிக் காட்சியில் எங்கள் படை விழுந்தபோது கைதட்டல் கூரையை இடித்தது. திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கொண்டாட்டம் முழுக்க இன்னும் இரண்டு நிமிடத்தில் தீவில் போய் இடிபடப் போகிறதே என்ற பதைப்பு வேறு.

நீதிபதி வாசித்தார். "உன்னைத் தீவுக்கு அனுப்புகிறோம்."

"எந்தத் தீவெண்டு கேளடா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. முன் வரிசை சிரிக்கவில்லை. தகப்பன் ஊன்றுகோலில் இரண்டு கையையும் வைத்தபடி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி மிச்சத்தையும் வாசித்து முடித்தார். சக்கரவர்த்தி நிமிர்ந்தபடியே நின்றார். சிரிப்பு தானாக அடங்கும்வரை பொறுத்தார்.

"வள்ளம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

தாளில் இல்லாத கேள்வி. நீதிபதி அண்ணை திரையோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். "இப்ப... இப்பவே," என்றார்.

சக்கரவர்த்தி மேடையில் குந்தினார். சப்பாத்து இரண்டையும் கழற்றினார். கரையில் வள்ளத்துக்குத் தண்ணிக்குள்ளால் நடந்து போகிறவர்கள் செய்வதுபோல், பொத்தான் வைத்த அந்தப் பட்டாளக் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். சப்பாத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மேடைப் படியால் மெல்ல மெல்லக் கால் வைத்து இறங்கி முன் வரிசைக்கு வந்தார். வள்ளமேறக் கூப்பிடுவதுபோல், மற்றக் கையைத் தகப்பனிடம் நீட்டினார்.