யோகா அரைப் பேர் போட்ட என் மென்பொருள்

நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது ரவியின் அழைப்பு வந்தது. "சேர், யோகாக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டான். நான் கேட்ட முதல் கேள்வி, "யார் யாருக்குச் சொன்ன?" என்பதுதான். வட்டகொடை சமூக நிலையத்தை நடத்தும் மேரி டீச்சருக்கு அப்போதே சொல்லிவிட்டானாம். லிந்துலைக் கடைத்தெரு முழுவதற்கும் தெரியுமாம். ஆட்டோ ஸ்டாண்டில் கறுப்புக் கொடிகூடக் கட்டிவிட்டார்களாம். ஹட்டனில் அவளோடு ஒரே வகுப்பில் கணினி படித்தவன் நான். இத்தனை வருடம் அவளோடு சேர்ந்து வேலை செய்தவன் நான். எனக்குக் கடைசியில்தான் சொல்லியிருக்கிறார்கள். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுதேன். அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னவர்கள் என்னிடம் நல்ல வார்த்தைகளை எதிர்பார்த்திருப்பார்கள். யோகேஸ்வரியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இந்த மலையில் ஆளுக்கா பஞ்சம்? அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொழும்பில் வேண்டாமென்று ஒதுக்கிய கணினிகள் எங்கள் தேயிலைத் தோட்டங்களின் சமூக நிலையங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாம் கிழட்டு மெஷின்கள். புதிய இயங்குதளம் எதையும் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை எடுத்து, வெட்டிச் சுருக்கி, தமிழாக்கி, எங்களுக்கென்று ஒன்றைத் தயாரித்தோம். வெட்டியதும் ஒட்டியதும் தமிழாக்கியதும் நான். மெஷின்களைத் திறந்து பழுது பார்த்து வேனில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் ரவி. லிந்துலையில் போன், போட்டோக்கொப்பி, கடிதம் அடித்துக் கொடுப்பது என்று ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த யோகாவுக்கு ஒரே வேலைதான். கணினியை முதல் தடவை போடும்போது அதற்குள் எந்தெந்த மென்பொருள் ஏற்கனவே இருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்வாள். ஒரு வரி நிரல்கூட அவள் எழுதியதில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து நானுஓயா வரைக்கும் அதன் பெயர் 'யோகாக்கா சிஸ்டம்'.

அது சின்ன வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். பல தோட்டங்களில் சிக்னல் ஏதாவது ஒரு வளைவில் நின்றால்தான் கிடைக்கும். பிறகு இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே அங்கே எடுபடாது. "மொத நாள் உள்ள இல்லன்னா, அது ஒலகத்துலயே இல்ல சிவா" என்பாள். டிஸ்க்கில் இடமும் கொஞ்சம்தான். எதைச் சேர்க்கலாம் என்று யார் வந்து சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "சரி, எத வெளிய எடுக்குறீங்க?"

முடிவு செய்யும் கூட்டத்துக்கு அவள் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் காலையில் எல்லோரும் களத்தில் கூடுவார்கள், யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொல்வார்கள், அதுதான் பெரட்டு. அன்றைக்குச் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். யோகா அதை அப்படியே மென்பொருளுக்குக் கொண்டுவந்தாள். மேரி டீச்சரின் நிலையத்தில் ஒரு மெஷினைச் சில வாரம் விட்டுவைத்து, எதை யார் திறக்கிறார்கள் என்று பார்ப்பாள். பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "இது என்னா வேல பாத்துச்சு?" என்று கேட்பாள். வேலை பார்த்தது முழுப் பேரோடு உள்ளே போகும். அரைப் பேர் வாங்கியது தனியாக ஒரு பென் டிரைவில் கிடக்கும். அதை யாரும் எடுத்துப் போட மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

'விரல்நடை' நான் எழுதிய மென்பொருள். தமிழ்த் தட்டச்சுப் பழகுவதற்கானது. பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். பெரட்டில் அதன் முறை வந்தது. "அழகா செஞ்சிருக்க சிவா. மனசாரச் சொல்றேன். ஆனா எல்லாரும் ஒரு தரம் தொறந்தாங்க, மூடிட்டாங்க. அரைப் பேரு" என்றாள். அரைப் பேர் என்ற சொல்லை எங்கள் தோட்டத்து லயன் வீடுகளில் யாரும் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. அதன் இடத்தில் உள்ளே போனது ஒரு படம் வரையும் மென்பொருள். அதில் ஒரு கோழிக்குக் கலர் அடிக்கலாம். கோழியிடம் தோற்றவன் என்று ரவி பல நாள் என்னைக் கிண்டல் செய்தான். அந்தக் கோழியைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

சிங்கள விசைப்பலகையை உள்ளே போட வேண்டும் என்று அவள் சொன்னபோது நான் குதித்தேன். தமிழுக்காகச் செய்த ஒன்றில் அது எதற்கு என்றேன். "கிராம சேவகருக்குச் சிங்களத்துல லெட்டர் அடிச்சுக் குடுன்னு கடைக்கு வர்ற சனத்த, நீ வந்து பாத்திருக்கியா? பேச்ச விட்டுட்டு ஒரு நாளைக்கு வந்து உக்காரு" என்றாள். போய் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் நானே இரண்டு சிங்களக் கடிதம் தடவித் தடவி அடித்துக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் என் முன்னாலேயே யோகாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளும் தவறு செய்திருக்கிறாள், அதையும் எழுதத்தான் வேண்டும். இங்கே யாரிடம் ஸ்கேனர் இருக்கிறது என்று சொல்லி ஸ்கேனர் மென்பொருளை ஒரு தடவை வெளியே எடுத்துவிட்டாள். அந்த வருடமே நிலையங்களுக்கு ஸ்கேனர் வந்து இறங்கியது. ஒன்றும் வேலை செய்யவில்லை. ரவியின் வேனில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போய், "என் பெழதான், மன்னிச்சிருங்க" என்று சொல்லித் தன் கையாலேயே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது வேன் நிறைய முறுக்கு, பேரிக்காய், யாரோ கொடுத்த ஒரு பூசணிக்காய். நான் ஒரு தடவை தமிழ் எழுத்துருவைச் சொதப்பியபோது எனக்குக் கிடைத்தது வசவு மட்டும்தான்.

செத்த வீட்டிலும் அப்படித்தான். மழையிலும் கூட்டம் ரோட்டு வரைக்கும் நின்றது. ஒவ்வொருவரும் அவள் தங்களுக்கு என்ன செய்தாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் ஓரமாக நின்று, இவர்களில் யாருக்காவது அவளை என்னைவிட அதிகம் தெரிந்திருக்குமோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலருக்குத் தெரிந்திருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மேரி டீச்சரின் நிலையத்தில் புதிய பதிப்புக்கான பெரட்டு நடந்தது. யோகாவின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். இனி எது உள்ளே, எது வெளியே என்று நான்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் நான் ஏங்கிய இடம் அது. வேறு எதையும் கூப்பிடுவதற்கு முன்னால் விரல்நடையைத்தான் கூப்பிட்டேன்.

"போடுங்க சேர், முழுப் பேரே போடுங்க" என்றான் ரவி.

"ஆமா சேர், ஒங்களோடது தானே. யாரு வேணாங்கப் போறா?" என்றார் மேரி டீச்சர்.

என்ன வேலை பார்த்தது என்று யாரும் கேட்கவில்லை. "எத வெளிய எடுக்குறது?" என்று நானே கேட்டேன்.

"ஒங்க இஷ்டம் சேர்."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. என் முகத்துக்கு நேராக மறுத்துப் பேச அந்த அறையில் ஒருவரும் இல்லை. கோழிக்குக்கூட நியாயமான ஒரு பெரட்டு நடந்தது. என் மென்பொருளுக்கு இரக்கப்பட்டுப் பேர் போடுகிறார்கள். அந்த நிமிஷம் எனக்கு அந்தக் கோழிமேல் வந்த பொறாமையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"அரைப் பேர்" என்றேன்.

"ஏன் சேர்?" ரவிக்குப் புரியவில்லை.

"யோகா இன்னும் ஒத்துக்கல."

அவளிடமிருந்து உங்களுக்கெல்லாம் ஏதாவது கிடைத்திருக்கும். அடித்துக் கொடுத்த கடிதம், திருத்திக் கொடுத்த மெஷின், கடை வாசலில் ஒரு வாய்த் தேநீர். கொடுத்ததை எல்லாம் உங்களுக்குத்தான் கொடுத்தாள். எனக்கு அவள் கொடுத்தது ஒரே ஒரு 'இல்லை'. என் வேலையைத் திறந்து, முழுவதும் பார்த்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்ன இல்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் பங்கு கேட்டு யாரும் வந்துவிடாதீர்கள்.