தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பப் இருக்கிறது. ஒஸ்லோவில் புருசெத் சுரங்கரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் இடதுபக்கம் அதன் முன்கதவு. மேலே பச்சை விளக்கெழுத்துகள். அவற்றில் ஓர் எழுத்து மூன்று வருடமாக எரிவதில்லை. பின்கதவு எங்கள் வாகனத் தரிப்பிடத்துக்குள் திறக்கும். தரிப்பிடத்துக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் நான் வசிக்கிறேன்.

முன்கதவால் நோர்வேக்காரர் போவார்கள். பின்கதவால் எங்கள் ஆட்கள் போவார்கள். யாரும் இதை விதியாக எழுதி ஒட்டவில்லை. முன்கதவுக்கு எதிரே தமிழ்க் கடை இருக்கிறது; வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கே கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வந்திறங்கும்; பாதிப் புருசெத் வரிசையில் நிற்கும். காரணம் அவ்வளவுதான்.

நான் இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் குளிர்சாதனப்பெட்டிகளின் வெப்பநிலையை ஒரு நாளில் இருதடவை பதிவது என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனதில் பட்டதை எழுதுவதில்லை. நேரம், குளிர், நடந்த சங்கதி, இவ்வளவுதான். “மைனஸ் ஒன்பது. லிப்ற் பழுது. எதிர்வீட்டார் மீன் பொரித்தார்கள்.” இது நாட்குறிப்பு இல்லை, பொலிஸ் பதிவு என்று என் கணவர் சொல்வார். அவர் அப்படிச் சொன்னதையும் நேரத்தோடு குறித்துவைத்திருக்கிறேன்.

அந்த பப்பை நடத்துபவர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். வடக்கே ஹம்மர்பெஸ்டில் பத்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஒஸ்லோ வந்தார். இதே பப்பில் சமையலறையில் வேலை செய்தார். பழைய நோர்வேக் கிழவர் ஓய்வெடுத்தபோது கடையை எடுத்துக்கொண்டார். கோயிலில் அவரைக் கண்டால் ஆண்கள் எல்லோரும் தூண்களைப் பார்ப்பார்கள். அவரும் அவர்களை முன்னே பின்னே கண்டதில்லை என்பது போலத் திருநீறு பூசிக்கொண்டு போவார். யார் வருகிறார், யார் என்ன குடிக்கிறார் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது கிடையாது. அதனால்தான் அவர்கள் அவரிடம் போனார்கள்.

கடந்த குளிர்காலத்தில் அவர் பப்பின் நேரத்தை நீட்டிக்க விண்ணப்பித்தார். இரவு பதினொரு மணிக்கு மூடவேண்டியதை ஒரு மணி வரைக்கும் ஆக்க வேண்டும். ஆசைக்காகக் கேட்கவில்லை. கட்டட உரிமையாளர் நேரடியாகச் சொல்லிவிட்டாராம்: ஒரு மணிவரை அனுமதி கிடைத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன், இல்லாவிட்டால் அந்த இடம் உடற்பயிற்சி நிலையத்துக்கு. கிடைக்காவிட்டால் கடை ஏப்ரலில் மூடப்படும். இதைக் கடைவரிசையில் அவரே என்னிடம் சொன்னார். அழவில்லை. முருங்கைக்காயை வளைத்துப் பார்த்தபடி சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் மண்டபத்தில் எதிர்ப்பு மனு வந்தது. எழுதியவர் எங்கள் கட்டடத்து நிர்வாகக் குழுவில் இருக்கும் கணினிக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், வீட்டில் கைக்குழந்தை. அவருடைய கோபம் மட்டும் உண்மையானது. பதினொரு மணிக்குப் பிறகு தரிப்பிடத்தில் யாரோ ஒரு மணித்தியாலம் நின்று சிரிக்கிறார்கள், குழந்தை எழும்புகிறது. கைத்தொலைபேசியில் சத்தத்தை அளந்து வண்ண வண்ணமாக வரைபடமும் போட்டிருந்தார். மண்டபத்துத் தலைவர் மனுவை வாங்கி, பண்பாடு பற்றி ஒரு பந்தியை மேலே சேர்த்து, வடையும் தேநீரும் கொடுக்கும் மேசையில் வைத்தார். ஆண்கள் மனைவியரோடு வரிசையில் வந்தார்கள். மனைவி பக்கத்தில் நிற்க, பப்புக்கு எதிரான மனுவில் ஒப்பமிடமாட்டேன் என்று எந்தத் தமிழ் ஆண் சொல்வான்? ஒருவரும் சொல்லவில்லை. என் கணவர் மூன்றாவது ஆள். கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

பிறகு தலைவர் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, நீங்கள் எல்லாத்தையும் நேரத்தோடை எழுதி வைக்கிறனீங்களாம். பப் விசயத்தை எடுக்கிற பகுதிக் குழுவின்ரை கூட்டத்திலை அதை வாசிச்சால் அவங்கள் மறுபேச்சுப் பேசமாட்டாங்கள். நோர்வேக்காரருக்கு நேரம் எண்டால் வேதம்.”

“எல்லாத்தையும் வாசிக்கிறதோ, அண்ணை?”

“ஒண்டும் விடாமல் வாசியுங்கோ.”

சரி என்றேன்.

அன்றிரவு பழைய குறிப்புகளைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும்: “தரிப்பிடம். ஆண் குரல்கள் ஐந்து. பதினொன்று ஐந்து முதல் பதினொன்று ஐம்பத்தெட்டு வரை.” நாலு, ஐந்து, ஆறு குரல்கள். எல்லாம் தமிழ். அதுவரை அதை நான் யோசித்ததில்லை. பதிவது என் வேலை, யோசிப்பது வேறு பிரிவு. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குரல்கள் ஒன்றாக நிற்பதில்லை. ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன.

அடுத்த வெள்ளி யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். மைனஸ் பதினான்கு. கீழே ஐந்துபேர் வாய் மணத்தை மறைக்கக் கராம்பு சப்பிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டு, மூன்று கட்டடங்களையும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எதிர்க் கட்டடத்தில் ஒரு விளக்கு அணைந்தது. “உன்ரை லைற் அணைஞ்சிட்டுது, போ” என்றது ஒரு குரல். ஒருவர் போனார். நால்வர் மிச்சம். “எனக்கு இண்டைக்கு விடியும். அவள் நாடகம் பாக்கிறாள்” என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். கணினிக்காரர் வீட்டில் குழந்தை அழுதது.

அந்தச் சிரிப்புகளுக்குள் ஓர் இருமல் இருந்தது. முப்பது வருடமாகக் கேட்கிற இருமல்.

என் கணவர் வெள்ளிக்கிழமைகளில் நடக்கப் போகிறவர். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி வைத்தியர் சொன்னவர். இரண்டு மணித்தியாலம் பனியில் நடந்துவிட்டு வருகிறவரின் சப்பாத்தில் பனி இருப்பதில்லை என்பதையும் நான் நவம்பரிலேயே எழுதியிருந்தேன். காரணம் எழுதவில்லை.

உறுதிசெய்ய வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரு அளவை வைத்து முடிவுக்கு வருவதில்லை. அன்று பதினொன்று பதினைந்துக்கு விளக்கை அணைத்தேன். பதினொன்று பத்தொன்பதுக்குக் கதவு திறந்தது. அடுத்த வெள்ளி பதினொன்று முப்பதுக்கு அணைத்தேன். பதினொன்று முப்பத்தைந்துக்கு வந்தார். லிப்ற் பழுதாக இருந்ததால் ஒரு நிமிடம் கூட. மூன்றாவது வெள்ளி அணைக்கவேயில்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு, காது சிவந்து, மூக்கு ஒழுக வந்து, “இன்னும் படுக்கேல்லையோ நீர்?” என்று கேட்டார், ஏதோ நான் குற்றம் செய்ததுபோல.

இத்தனை வருடமும் அவர் வரட்டும் என்று நான் விளக்கைப் போட்டுவைத்துக் காத்திருந்தேன். அது அணையட்டும் என்று அவர் கீழே காத்திருந்தார்.

பகுதிக் குழுவின் கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு. இறுதி முடிவு நகரசபையுடையதுதான், ஆனால் குழு சொல்வதற்கு அங்கே மதிப்பு உண்டு என்றார்கள். கூட்டத்தின் முதல் அரைமணித்தியாலம் குடிமக்களுக்கு. ஆளுக்கு மூன்று நிமிடம். குழுத் தலைவியின் முன்னால் முட்டை அவிக்கும்போது வைக்கும் மணி ஒன்று இருந்தது, கோழிக்குஞ்சு வடிவம். ஓர் உறுப்பினர் சாம்பல்நிறக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கூட்டம் முடியும்வரை இலவங்கப்பட்டை பணிஸ் சாப்பிட்டார், மூன்று.

எங்கள் தலைவர் முதலில் பேசினார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். எங்கள் பண்பாட்டில் மதுவுக்கு இடமில்லை என்றார். நோர்வேக்காரர் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிறருடைய பண்பாடு என்றால் அவர்களுக்குக் கேள்வி எழாது. பணிஸ் சாப்பிட்டவர் மட்டும், அற்ககோல் இல்லாத பியர் பண்பாட்டுக்கு உகந்ததா என்று அக்கறையோடு விசாரித்தார். ஆராய வேண்டும் என்றார் தலைவர். கோழிக்குஞ்சு மணியடித்தது.

கணினிக்காரர் வரைபடத்தைச் சுவரில் காட்டினார். சிவப்புத் தூண்கள் எல்லாம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நின்றன.

பிறகு பப் நடத்தும் பெண். நல்ல நீலச் சட்டை, கையில் ஒரு காகிதம். விதிகளை மீறியதில்லை, பதினொரு மணிக்கு ஒரு நிமிடமும் பிந்தாமல் மூடுகிறேன், இந்த அனுமதி கிடைக்காவிட்டால் ஏப்ரலில் கடை இருக்காது என்றார்.

“அப்படியானால் தரிப்பிடத்தில் நிற்பவர்கள் யார்?” என்று குழுத் தலைவி கேட்டார்.

அந்தப் பெண் தமிழ் ஆண்கள் இருந்த வரிசையைப் பார்த்தார்; என் கணவரும் அதில். ஆறுபேர். ஆறுபேரும் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள்.

“வாடிக்கையாளர்களைப் பற்றி நான் வெளியில் கதைப்பதில்லை” என்றார். அவருக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

என் முறை வந்தது. நான் வாசித்தேன். வெள்ளிக்கிழமைகள், குளிர், குரல்களின் எண்ணிக்கை. பிறகு விளக்குகள். “எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி, பதினொன்று இருபத்தொன்றுக்கு அணைந்தது. பதினொன்று இருபத்துநான்குக்கு ஒரு குரல் குறைந்தது. பக்கத்துக் கட்டடம், ஐந்தாம் மாடி, இடமிருந்து இரண்டாவது யன்னல், பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அணைந்தது. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு இன்னொன்று குறைந்தது. எங்கள் வீடு, மூன்றாம் மாடி, பதினொன்று பதினைந்து.”

பின்னல் ஊசிகள் நின்றன.

“மன்னிக்கவும்,” என்றார் குழுத் தலைவி, “மைனஸ் பதினான்கில் இவர்கள் எதற்காக நிற்கிறார்கள்?”

“மனைவி நித்திரையாகும்வரை. பப் பதினொன்றுக்கு மூடுகிறது. நாங்கள் பன்னிரண்டுக்குப் படுக்கிறோம். சத்தம் அந்த ஒரு மணித்தியாலத்தில் மட்டும்தான். ஒரு மணிவரை திறந்திருந்தால் அவர்கள் உள்ளே இருந்து காத்திருக்கலாம்.”

பின்வரிசையில் தலைவரின் மனைவி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ,” என்றார் தமிழில், அந்த அறைக்கே கேட்க. “ஐஞ்சாம் மாடி, ரெண்டாவது யன்னல் எங்கடையெல்லே?”

தலைவர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார். “தங்கச்சி, இது எங்கடை ஆக்களின்ரை விசயம். வெள்ளைக்காரருக்கு முன்னாலை ஏன் கதைக்கிறியள்?”

“ஒண்டும் விடாமல் வாசிக்கச் சொன்னது நீங்கள்தானே, அண்ணை.”

கோழிக்குஞ்சு மணியடித்தது.

வெளியே பனியில் கணினிக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, ஒரு நிமிஷம். அப்போ அந்த சத்தம் பூரா, என் மனுல கையெழுத்து போட்டவங்களா?”

“ஆறு பேர். ஒழுங்கு இலக்கத்தோடை தரட்டோ?”

“வேண்டாங்கக்கா,” என்றார். பிறகு, “நல்லா ஏமாந்தேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது என் கணவர் கேட்டார்: “என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேயப்பா?”

“நீங்களும் சொல்லியிருக்கலாம்.”

“நான் குடிக்கிறது ரெண்டே ரெண்டு கிளாஸ்.”

“தெரியும். குடிக்க ஒரு மணித்தியாலம், ஒளிக்க ஒரு மணித்தியாலம்.”

ஐந்து வாரத்தில் முடிவு வந்தது. ஒரு மணிவரை அனுமதி, ஒரு நிபந்தனையோடு: தரிப்பிடத்தின் அமைதியைக் கருதி, பின்கதவை மாலை ஆறு மணிக்குப் பிறகு வாடிக்கையாளர் பாவிக்கக்கூடாது. எல்லோரும் முன்கதவால் வரவேண்டும். குழுவில் இதைச் சொன்னவர் காலுறை பின்னியவராம். எங்கள் சமூகத்தில் இவ்வளவு பெரிய சீர்திருத்தத்தை இதுவரை எந்த மண்டபமும் செய்ததில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தரிப்பிடம் அமைதியானது. பப்பும் அமைதியானது. முதல் வெள்ளி எங்கள் ஆள் ஒருவரும் போகவில்லை. இரண்டாவது வெள்ளியும் இல்லை. கடைவரிசையில் அந்தப் பெண் என் பின்னால் நின்றார்.

“அக்கா, நீங்கள் எனக்கு நேரத்தைக் கூட்டித் தந்தியள்,” என்றார். “ஆக்களைக் குறைச்சுப்போட்டியள்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. நான் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று அவருக்கு. அவர் வாங்கிக்கொண்டார்.

நான்காவது வெள்ளி என் கணவர் தலைவாரி, நல்ல ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நடக்கப் போகும்போது போடும் பழைய தொப்பியைப் போடவில்லை.

“எங்கை?” என்றேன்.

“கீழை. பப்புக்கு.” முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் எங்கள் வீட்டுக்குள் சொன்னது அதுதான் முதல்தடவை. “முன்கதவாலை போறன். கடையிலை சனம் நிக்கும்.”

“நிக்கட்டும்.”

“பத்தரைக்கு வந்திருவன்.”

என் யன்னலிலிருந்து முன்கதவு தெரியாது. அதனால் அவர் எப்படி நுழைந்தார், வரிசையில் யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று என்னால் எழுத முடியவில்லை. அடுத்த நாள் கடையில் மூன்றுபேர் எனக்குச் சொன்னார்கள். பிறர் சொல்லிக் கேட்டதை நான் பதிவதில்லை. அன்றைய குறிப்பு இது: “மைனஸ் இரண்டு. தரிப்பிடத்தில் யாருமில்லை. எட்டுப் பத்துக்குப் போனார். பத்து இருபத்துநான்குக்கு வந்தார். கராம்பு மணக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.”