ஷமீனாவின் முணுமுணுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை அசோக் நகரில் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாலு பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். போர்டிலிருந்து ரோஜாப்பூ வாசனை வந்தது. விசாரித்தால், போரிக் பவுடர் தீர்ந்துபோய், யாரோ முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டியிருக்கிறார்கள். காய்கள் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஆடுகிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது.

போரிக் பவுடருக்கென்று தனியாக வாசனை கிடையாது. ஆனால் தேனாம்பேட்டையில் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த விளையாட்டுக் கூடத்தின் மாடிக்கு ஒரு வாசனை இருந்தது. பதினைந்து போர்டுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே தாழத் தொங்கும் ஒரு பல்பு, அந்தப் பல்புகளின் சூடு, பழைய மரம், கீழே கேன்டீனில் பொரியும் வெங்காய பஜ்ஜி, எல்லாம் கலந்த வாசனை. சாயங்காலம் வீடு திரும்பினால் என் துப்பட்டா நுனி வெள்ளையாக இருக்கும். சாக்பீஸ் தூள், கல்லூரி ஆசிரியை போலிருக்கிறது என்று பஸ்ஸில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

உளவியலில் முதுகலை முடித்த கையோடு விளையாட்டு உளவியலில் ஒரு பட்டயமும் வாங்கியிருந்தேன். வயது இருபத்து நாலு. கூடத்தின் நிர்வாகத்தில் யாருக்கோ இதெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறது என்று தெரிந்திருந்தது, வாரத்துக்கு மூன்று நாள் வரச்சொன்னார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"விளையாடறவாளுக்கு மனசுல என்னடி கோளாறு? நன்னா சாப்பிட்டுண்டு, நன்னா ஆடிண்டு இருக்கா!" என்றார் அப்பா. அம்மா அக்கம்பக்கத்தில் "டாக்டர் மாதிரி ஒண்ணு" என்று சொல்லிச் சமாளித்தாள். நான் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டேன். நூறு கார்டில் தொண்ணூற்றாறு இன்னமும் என்னிடம் இருக்கின்றன.

முதல் மாதம் என் அறைக்கு யாரும் வரவில்லை. வந்த ஒரே பளுதூக்கும் வீரரும், மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளட்டுமா என்றுதான் கேட்டார். பொழுது போகாமல் மாடிக்குப் போய் கேரம் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே பயிற்சியாளர் தனபால் மாஸ்டர். காலையில் ஒரு அச்சகத்தில் வேலை, சாயங்காலம் கேரம். யாராவது முக்கியமான காயைக் குறிவைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவார். அது உருண்டு நிற்கும்வரை அடிக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. கவனச் சிதறலுக்கு எதிரான பயிற்சி என்று நான் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வைத்திருந்ததை இந்த மனிதர் ஒரு டம்ளரை வைத்து முடித்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொன்னபோது, "அப்பிடியா மேடம்? அதுக்கு ஒரு படிப்பே கீதா?" என்று மெய்யாகவே வியந்தார்.

அவருடைய ஆட்டக்காரர்களில் எனக்குப் பிடித்தவள் ஷமீனா. வயது இருபத்தேழு, ராயப்பேட்டைக்காரி. வீட்டில் எல்லாருமே ஜாக்கெட்டுத் துணியில் ஜரிகையும் மணியும் வைத்து ஆரி வேலை செய்கிறவர்கள். மதியம் வரை ஊசி, அப்புறம் ஸ்ட்ரைக்கர். அவள் விரல்களைப் பார்த்தாலே தெரியும், ஒரு இழை நகர்வதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கூடவே வாயும் ஓடும். ஆட்டம் முழுக்க ஸ்ட்ரைக்கரோடு பேசிக்கொண்டே இருப்பாள்.

"மெதுவா நைனா, மெதுவா. இன்னா அவசரம் உனக்கு? அந்தாண்ட போ. ஏய் ஷமீ, கண்ணு எங்க கீது, கை எங்க கீது?"

திட்டுவாள், கொஞ்சுவாள், காய் விழுந்தால் "அக்காங்" என்பாள். சினிமா பார்ப்பதுபோல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

வம்பு ஒரு போட்டியில் வந்தது. எதிரே ஆடிய பெண், இவள் பேசுவது தனக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று புகார் செய்தாள். நடுவரும் எச்சரித்துவிட்டார். மாநில அணித் தேர்வுக்கு அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. அணியில் இடம் பிடித்து தேசியப் போட்டியில் ஆடிவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்கான வயது வரம்பு ஷமீனாவுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது. மாஸ்டர் அவளை என் அறைக்கு அழைத்து வந்தார்.

"சத்தம் வெளிய வராம பாத்துக்கினா போதும் மேடம். பேச்ச நிறுத்திடாதீங்க. அது பேசிக்கினு இருந்தாதான் கை ஓடும்."

நான் தலையாட்டினேன். மூடநம்பிக்கை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதன்முதலாக ஆலோசனைக்கென்று ஒரு ஆள் என் அறைக்கு வந்திருக்கிறாள், சத்தத்தைக் குறைத்துவிடு என்று சொல்லி அனுப்ப மனம் வருமா? தன்னைத்தானே திட்டிக்கொள்வது எதிர்மறைப் பேச்சு, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்மறை வாக்கியம் ஒன்றை வைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரு நோட்டு வாங்கி நானே எழுதிக் கொடுத்தேன். "நான் அமைதியாக இருக்கிறேன். என் கவனம் என் இலக்கின் மீது உள்ளது. என்னால் முடியும்." ஒவ்வொரு அடிக்கு முன்னும் வாயைத் திறக்காமல், மூச்சை இழுத்துவிட்டு, இதை மனதில் சொல்ல வேண்டும். இப்போது படித்தால் வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அதை எழுதிவிட்டு இரண்டு முறை ரசித்துப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷமீனா படித்துப் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது மேடம்" என்றாள். நோட்டில் ஒரு நாளைக்கு நூறு முறை எழுதினாள். வாய் நின்றது. மாடியே அமைதியாகிவிட்டது. மாஸ்டர் டம்ளர் போடுவதை விட்டுவிட்டார். பயிற்சியில் அவள் கை சற்றுத் தயங்குவதை நானும் கவனித்தேன். புதுப் பழக்கம், படிய நாளாகும் என்று குறித்துக்கொண்டேன்.

தேர்வின் கடைசி ஆட்டம். அதில் ஜெயிக்கிறவளுக்கு அணியில் இடம். ஆளுக்கு ஒரு கேம் ஆகி, மூன்றாவது கேமின் கடைசி போர்டு. ஷமீனாவுக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி. வலது குழிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது, நான் அடித்தால்கூட விழும். எதிராளிக்கு இன்னும் மூன்று இருந்தன. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். ஒரு அடிக்குப் பதினைந்து விநாடிதான் கணக்கு. மூச்சை இழுத்தாள். விட்டாள். கண் காயைப் பார்க்கவில்லை, மேலே எங்கோ பார்த்தது. பரீட்சையில் பதில் மறந்துபோனவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அவள் என் இரண்டாவது வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அடி ஷமீனா, அடி" என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. வெளியிலிருந்து பேசக் கூடாது. நடுவர் "டைம்" என்றார்.

அபராதமாக அவள் போட்டிருந்த ஒரு காய் திரும்ப போர்டுக்கு வந்தது, அடிக்கும் முறையும் போயிற்று. எதிராளி தன்னுடைய மூன்றையும் நிதானமாகப் போட்டு முடித்தாள். ஷமீனா எழுந்து கை கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஸாரி மேடம். ரெண்டாவது லைன் மறந்து பூட்ச்சி."

என்னிடம் மன்னிப்பு கேட்டாள். தவறு உன்னுடையது இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். வெட்கம். என் கார்டும் பட்டயமும் போய்விடும் என்ற அற்பத்தனம். அதற்கப்புறம் அவள் கூடத்துக்கு வரவில்லை. நானும் ராயப்பேட்டைக்குப் போகவில்லை. மாஸ்டரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இப்போது அடையாறில் பேட்மின்டன், நீச்சல் ஆட்களுக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறேன். யார் வந்தாலும் முதல் வாரம் நான் பேசுவதில்லை. அவர்கள் தமக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்கிறேன். பெரிய ஞானி என்று பயிற்சியாளர்கள் நினைக்கிறார்கள். தேனாம்பேட்டைக் கூடத்தை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது கண்ணாடி போட்ட கார் ஷோரூம் நிற்கிறது. தனபால் மாஸ்டர் கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன் செய்தால் முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுகிறார்.

போன வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. தி. நகர் கடைக்காரர் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தார். அதில் ராயப்பேட்டை என்று இருந்தது. போனால், அவள் வீடேதான்.

வீட்டுக் கூடத்தின் நடுவில் பெரிய மரச்சட்டம். அதில் துணியை இழுத்துக் கட்டி நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷமீனா, அவள் அம்மா, அக்கா, அண்ணி. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. "மெதுவா, மெதுவா. எங்க ஓடற நீ? அந்தாண்ட இன்னா வேல?" என்று அம்மா ஊசியை அதட்டிக்கொண்டிருந்தார். அக்கா தன் நூலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஊசி அவசரப்படாமல் இருக்க அந்த வீட்டில் அப்படித்தான் வேலை செய்கிறார்கள். அன்றைக்கு அந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் இங்கே வந்து எட்டிப் பார்த்திருந்தால் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

ஷமீனா என்னைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து வந்தாள். டீ கொடுத்தாள். ஜாக்கெட்டை வாங்கி அளவு பார்த்தாள். திரும்பச் சட்டத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். மற்ற மூன்று பேர் உதடும் ஓடியது. அவள் வாய் மூடியிருந்தது.

"நீ பேசறதில்லையா ஷமீனா?"

"இல்ல மேடம். அப்ப நிறுத்தனது, அப்பறம் வர்ல. ட்ரை பண்ணி பாத்தேன். வேணும்னே பேசனா நடிக்கற மாரி கீது."

மன்னிப்பு கேட்டேன். இத்தனை வருடம் கழித்து, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வீட்டார் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். "ஐயே, விடுங்க மேடம். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து ஊசியை இறக்கி ஏற்றினாள். டீ ஆறிப்போகும்வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.