அப்பாவின் ஐந்து ஏன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் போர்டு தொங்கியது. அப்பா வேலை பார்த்த ஒரகடம் கம்பெனியில் லைனுக்கு லைன் அப்படி ஒரு போர்டு உண்டு. இன்றைக்கு எத்தனை கார் பம்பர் செய்ய வேண்டும், எத்தனை செய்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். குறைந்தால் சிவப்பு, நிறைந்தால் பச்சை. அக்கா பிளஸ் டூவுக்குப் போன வருஷம் அப்பா அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து மாட்டி, பம்பருக்குப் பதில் அக்காவின் மார்க்கை எழுத ஆரம்பித்துவிட்டார். நான் அப்போது ஆறாவது. மார்க்கர் மூடியைத் திறந்து கொடுப்பது என் வேலை.

எல்லாப் பாடமும் போர்டில் இருந்தாலும் அப்பாவுக்குக் கண் மூன்றில்தான். இன்ஜினியரிங் சேரக் கணக்கு மார்க்கை முழுசாக எடுத்துக்கொள்வார்கள், பிசிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் பாதிப் பாதி. கூட்டினால் வருவது கட்-ஆஃப். “மேத்ஸ்தாம்மா மெயின் லைன். மத்ததெல்லாம் சப்-அசெம்பிளி” என்பார் அப்பா. கட்-ஆஃப் நூற்றெண்பதைத் தாண்டினால் அரசுக் கல்லூரி கிடைக்கும் என்பது அவர் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்த கணக்கு. தாண்டாவிட்டால் தனியார் கல்லூரிதான், அது நம்மால் ஆகாது. அப்புறம் எதிர்வீட்டு அக்காவைப் போல விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

எனக்கென்னவோ கம்பெனி பஸ் நன்றாகத்தான் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகலாம், மாசம் பிறந்தால் சம்பளம். அப்பாவே அதில்தானே போய் வருகிறார். அக்கா அதில் ஏறிவிடக் கூடாது என்று அவர் ஏன் இப்படித் தவிக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டுக் குட்டு வாங்கியதுதான் மிச்சம்.

காலாண்டில் அக்காவின் கட்-ஆஃப் நூற்றைம்பதைத் தொட்டது. சிவப்புதான், ஆனால் ஏறுமுகம். இப்படியே ஏறினால் பொதுத்தேர்வில் தாண்டிவிடலாம் என்று வீடே நம்பியிருந்தபோது அரையாண்டில் கெமிஸ்ட்ரி ஏறி, கணக்கு சடாரென்று இறங்கிவிட்டது. அப்பா அதைப் போர்டில் சிவப்பில் எழுதினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அப்பாவின் லைனுக்குக் கல்லூரி முடித்த கையோடு ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். ஒரு தப்பு நடந்தால் அடுத்தடுத்து ஐந்து தடவை ஏன் என்று கேட்டால் அதன் வேர் கிடைத்துவிடும், வேர் கிடைத்தால் அன்றைக்கே சரிசெய்துவிட வேண்டும் என்று அவர்தான் லைன் ஆட்களுக்கு வகுப்பு எடுத்தாராம். அப்பா அன்று அக்காவைப் போர்டுக்கு எதிரே உட்காரவைத்து அதை ஆரம்பித்தார்.

“மேத்ஸ் ஏன் கொறஞ்சுது?”

“கடசி ரெண்டு பெரிய கணக்கு போட டைம் இல்லப்பா.”

“ஏன் இல்ல?”

“முன்னாடி போட்டதையே அடிச்சி அடிச்சி போட்டுக்கினு இருந்தேன்.”

“ஏன் அடிச்ச?”

“தப்பா பூடுமோன்னு பயம்.”

“இன்னா பயம்? ஏன் பயம்?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “கொஸ்டின் பேப்பரைப் பாத்தா இந்த போர்டுதாம்பா கண்ணுக்கு வருது. நீ செவப்புல எழுதுவியேன்னு நெனச்சா கை ஓட மாட்டேங்குது.”

ஐந்தாவது ஏனை அப்பா கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி அதைக் கழற்றிக் கொண்டுபோய் மொட்டைமாடிப் படிக்கு அடியில் வைத்துவிட்டார். அவர் கம்பெனி விதிக்குக் கட்டுப்பட்டவர்.

போர்டு போனதே தவிர பயம் போகவில்லை. அப்பா சாப்பிடும்போதெல்லாம் சுவரில் மிச்சமிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கடிகாரத்தை முன்னால் வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பார்த்தாள். மார்க் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை வரை போய்விட்டு வருவார். பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ரிசல்ட் அன்று அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே மார்க் வந்துவிட்டது, அவரிடம் சொல்லத்தான் வழியில்லை. அக்கா அழுவதும் சிரிப்பதுமாக இருந்தாள். அம்மா என்னை பஸ் நிற்கும் திருப்பத்துக்கு அனுப்பினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்த அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. நான் தனியாக ரோட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்து வேறு எதையோ நினைத்துவிட்டார்.

“கட்-ஆஃப் நூத்தி எம்பத்தாறுப்பா” என்றேன்.

“மேத்ஸ்?”

“தொண்ணூத்தஞ்சு.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் நகரத் தொடங்கியது. திடீரென்று அதன் பக்கவாட்டில் தட்டி நிறுத்தி, ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டிருந்த அந்த சூப்பர்வைசர் பையனை அண்ணாந்து பார்த்தார்.

“சார், பெரியவ மேத்ஸ்ல தொண்ணூத்தஞ்சு சார். உங்கள மாறியே இன்ஜினியரிங் போப்போறா சார்.”

அவர் ஒயரைக் கழற்றிவிட்டு, “சூப்பர்ண்ணா” என்றார். பஸ் போய்விட்டது. அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் மறையும்வரை அப்பா அங்கேயே நின்றார். அவ்வளவு சத்தமாக அவர் யாரையும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போகிற வழியில் பேக்கரியில் வீட்டுக்கு ஒரு கிலோ ஸ்வீட்டும் எனக்கு ஒரு முட்டை பப்ஸும் வாங்கினார். “அந்த அண்ணா உன்னவிட சின்னவருதானப்பா, அவரே உன்னை அண்ணான்றாரு. நீ ஏன் சார்ன்ற?” என்று கேட்டேன்.

“அவரு இன்ஜினியரும்மா” என்றார் அப்பா.

அவருடைய முறைப்படி பார்த்தால் இன்னும் நாலு ஏன் மிச்சமிருந்தது. ஆனால் பப்ஸ் சூடாக இருந்தது, எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.