ஆக்ஸ்போர்டும் மைனரும்

மலேசியாவில், புக்கிட் பெருந்துங்கில் மகளோடு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஏதோ பழைய கார் உறுமியதும் நான் சட்டென்று சாலையோரக் கால்வாயில் இறங்கி நின்றுவிட்டேன்.

“லொங்காங்குல ஏம்மா எறங்குறீங்க?” என்று மகள் பதறினாள்.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஓடியவை இரண்டும் மோரிஸ் கார்கள்தான். மேலாளர் துரையின் நீளமான ஆக்ஸ்போர்டு அடித்தொண்டையில் கனைத்துக்கொண்டு வரும், கணக்கெழுதும் கிராணியின் மைனர் ஆமை முதுகோடு படபடவென்று பேசிக்கொண்டே வரும். மைனருக்கு ஓரமாக ஒதுங்கினால் போதும், ஆக்ஸ்போர்டுக்கோ பால்வாளியோடு கால்வாயில் இறங்கி நிற்க வேண்டும். ஒருநாள் அம்மா சத்தத்தைத் தப்பாக எண்ணி மைனருக்கு இறங்கிவிட்டாள்.

“கிராணிக்கே எறங்கிட்டியேடி! தொர வந்தா கெணத்துலயா குதிப்ப?” என்று தொழிலாளர் லயமே சிரித்தது. அம்மா அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

இன்று எங்களைக் கடந்து போனதும் மைனர்தான். ஓட்டியவர் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார். சேலை நனைய நின்ற எனக்கு, இந்த வயதிலும் இறங்கினோமே என்பதைவிட, போயும் போயும் சின்னக் காருக்கு இறங்கினோமே என்றுதான் முதலில் கூசியது. அதை மகளிடம் எப்படிச் சொல்ல?

“கால் வழுக்கிருச்சு லா,” என்றேன்.