சுடாத துப்பாக்கி

ஆயுத பூஜையன்று காலை அம்மா தோட்டத்திலிருந்து சேறும் சகதியுமாகத் திரும்பினார். "எல்லாத்தையும் பன்னி பேத்துப் போட்டுடுச்சு" என்றார். பினாங்கு ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் அவர் நட்ட மரவள்ளியைத் தோண்டியெடுக்க இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்தக் கிழங்கைப் பசாரில் விற்றுத்தான், எங்கள் குடும்பத்தில் எவரும் மிதிக்காத பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார். பட்டம் வாங்கும்வரை அனுப்பினார்.

டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டின் சாமி மேடை முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் பட்டால் கறை பிடிக்குமாம்; பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் பொட்டு! அவர் காவல் பார்த்த பழத்தோட்டத்தின் முதலாளி, ஒரு சீனத் தவுக்கே, கடைசியில் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் வீட்டிலும் யாரும் சுட்டதில்லை. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க என்றுதான் அப்பாவுக்கு உரிமம் கிடைத்தது.

"ஒரு தடவ சுட்டாத்தான் என்னப்பா?"

"சுட்டா அப்புறம் அது பழைய சாமான். இந்த மாதிரி பினாங்குலயே கெடையாதுலா. மியூசியத்துல இருக்க வேண்டியது."

"அங்கயே குடுத்துடுங்க. பன்னிங்க டிக்கெட் வாங்கிப் போய்ப் பாக்கட்டும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ரெண்டு எழுத்து படிச்சிட்டா அப்பனயே நக்கல் பண்ணுவியா? திமிரு!"

"திமிருதான். வருசா வருசம் லைசென்ஸுக்காகப் போலீஸ் ஸ்டேசன்ல பன்னி சுட வேணும்னு மலாய்ல பேசறது இந்தத் திமிருதானே? இந்தத் தடவ வர மாட்டேன். சுடுங்க, இல்லேன்னா நீங்களே போய்ப் பேசிக்குங்க."

அவர் சுடவில்லை. அடுத்த மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கத் தனியாகவே போனார். போனவர் வெறுங்கையோடு வந்தார். எத்தனை பன்றி சுட்டீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, ஒரு தோட்டாகூடப் போனதில்லை, புத்தம் புதுசு என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் உங்களுக்கு எதற்கு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போதும் அம்மாவிடம்தான் சொன்னார், நான் அந்த அறையில் இல்லாததுபோல.

என்னால்தான் போயிற்று என்று இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். அழிந்த மரவள்ளிக்காக அவர் ஒரு நாளாவது இப்படி முகம் தூக்கியிருந்தால் நானே போய் முதலில் பேசியிருப்பேன். அம்மா தகரம் வாங்கி வேலி அடிக்கிறார், விடுமுறை நாளில் நான் பிடித்துக்கொள்கிறேன். பன்றிகள் அதையும் முட்டித் தள்ளிவிட்டு வருகின்றன.