இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்

ஊரிலிருந்து படிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். மலேசியாவில், இந்த ஈப்போவில் விருந்தாளிகள் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் "வாரேன்லா" என்று கிளம்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர்களும் சிரித்தபடி கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். மன்னார்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. நம்மூரில் கிளம்புகிறவரை ஒருமுறையாவது தடுக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்" என்று சொல்ல வேண்டும். அவரும் தலைக்கு மேல் வேலை என்று மறுக்க வேண்டும். இரு தரப்பும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தால் பஸ் தவறாது.

என் பெரியப்பா மகன் செல்வராசு அண்ணன் தன் பங்கைச் செய்யவில்லை. பக்கத்துச் சிம்பாங் பூலாயில் பளிங்குக்கல் அறுக்கும் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர், தொழிலாளர் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை என்று எங்கள் வீட்டில் பெட்டியை வைத்தார். இடம் கிடைத்து மாதங்களாயிற்று. அவ்வப்போது பெட்டியைத் தூக்குவார். என் வாய் தன்னால் "அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றுவிடும். "நீ இவ்வளவு சொல்றப்ப எப்படிம்மா போறது?" என்று இறக்கி வைத்துவிடுவார். பள்ளியிறுதி எஸ்பிஎம் பரீட்சை எழுதப்போகும் என் மகள் கவிதா, அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் பார்க்கும் சீரியலுக்கு நடுவே ஹாலில் வேதியியல் படித்தாள். பள்ளியின் முன்தேர்வில் தேறவில்லை. அன்றே அண்ணனிடம் ஹாஸ்டலுக்குப் போய்விடும்படி வாய்விட்டுச் சொன்னேன். "பாக்கலாம்மா" என்று டிவியைப் பார்த்தார்.

இங்கேயே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த என் கணவர், "ஒன் அண்ணன்லா, நான் எப்படி வெரட்டுறது?" என்று நழுவினார். நான் போலீஸ் நிலையத்துக்கே போய்விட்டேன். திருடினாரா, அடித்தாரா என்று மலாயில் கேட்டார் அதிகாரி. இல்லை. அப்படியானால் என்னதான் செய்கிறார்? என் மலாய்க்கு எட்டியது அவ்வளவுதான்: "டியா மாக்கான்." அவர் சாப்பிடுகிறார். அதிகாரி முகம் மலர்ந்து, என்ன சமையல் என்று விசாரித்தார். விஷயம் புரிந்த பிறகு வக்கீலைப் பார்க்கச் சொன்னார்.

யாழ்ப்பாண வழிவந்த ஒரு வக்கீலம்மா பொறுமையாகக் கேட்டார். "இருக்கக் குடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்கிறம் எண்டு வீட்டுக்காரர் கையெழுத்தோட நோட்டீஸ் குடுப்பம். பூட்டை மாத்தக்கூடாது, பெட்டியை வெளியில எறியக்கூடாது. போகாட்டி கோர்ட். ஆனா நீங்கள் திரும்பவும் இருங்கோ எண்டு சொன்னா எல்லாம் பாழ். வாயைக் கட்டுங்கோ."

நோட்டீஸை அண்ணன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கணவர் நீட்டினார். வெறும் வயிற்றில் கொடுக்க மனம் வரவில்லையாம். அண்ணன் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ரசம் நன்றாயிருந்தது என்றார்.

கெடு முடியும் நாள் காலையில் பெட்டியோடு கேட்டருகே நின்றார். கார் வந்தும் ஏறவில்லை. என் முகத்தையே பார்த்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கவிதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"கோவமில்லம்மா," என்றார் அண்ணன். "சித்தப்பாவும் சித்தியும் தவறினப்புறம் ஊருக்கு வந்தா லாட்ஜ்ல தங்குறியாமே? இனிமே நம்ம வீட்டுக்குத்தான் வரணும். வந்தா ஒரு மாசத்துக்கு விடமாட்டோம், சொல்லிட்டேன்."

கார் போய்விட்டது. கவிதா புத்தகங்களை அள்ளிக்கொண்டு அறைக்கு ஓடினாள். நான் கேட்டுக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று அழுதேன். இந்த வீட்டைச் சட்டப்படி மீட்டுவிட்டேன். ஊரில் எனக்கு இன்னும் ஒரு வீடு இருப்பது, அந்த வீட்டுக்காரருக்கே நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.